படகுத்துறை மரம்

என்ன மரம் என்று கேட்டால் அவர் கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டார். இழைப்புளியை வைத்து ஒரே ஒரு தள்ளு தள்ளுவார். சுருண்டு விழும் சீவலில் ஒரு துணுக்கை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர் போல நிற்பார். என் புது மேசையைப் பற்றி அப்படி நின்றுவிட்டுத்தான் சொன்னார்: "இது தேக்கு இல்லக்கா. தேக்குன்னு சொல்லி உங்க தலையில கட்டிட்டான்." மேசையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்காரன் மறுத்துப் பேசவே இல்லை.

எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். கதவு உரசினாலும், குழாய் ஒழுகினாலும், சன்னல் கொக்கி கழன்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். தச்சு வேலைதான் அவருடைய சொந்தத் தொழில். மற்றதெல்லாம் வயிற்றுக்காகக் கற்றுக்கொண்டது. பிள்ளைகள் அவரை 'இழைப்புளி மாமா' என்பார்கள். மாமா உதிர்ந்து போய்ப் பெரியவர்கள் வாயிலும் வெறும் இழைப்புளி என்றே நின்றுவிட்டது. மோட்டார் அறைக்குப் பின்னால் ஓர் அறையும் ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறையும் சங்கம் கொடுத்திருந்தது. அவர் மனைவி அங்கேயே ஒரு பலகை போட்டு எங்கள் துணிகளை இஸ்திரி போட்டுத் தருவார். மோட்டார் ஓடும்போது சுவரில் மாட்டிய கண்ணாடி கிணுகிணுக்கும்.

நாலு வயதில் ஒரு மகள். பல் முளைத்த நாள் முதல் கட்டில் விளிம்பு, நாற்காலிக் கை, சுத்தியல் பிடி எதையும் விட்டுவைக்காமல் கொறிப்பாள் என்பதால் 'அணில்' என்று பெயர். அப்பன் செய்வதைப் பார்த்து அவளும் ஒரு வித்தை பழகியிருந்தாள். சீவலை எடுப்பாள், நாக்கில் வைப்பாள், கண்ணை மூடுவாள், தலையை ஆட்டுவாள். "நல்ல மரம்," என்பாள். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். நான் அதை வீடியோ எடுத்து ஊரில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்பினேன். இன்னொரு தரம் செய்து காட்டச் சொல்லித்தான் எடுத்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய படகுத்துறை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் இருந்த அவருடைய நண்பர் நெட்டையாக, சதையே இல்லாமல் இருப்பார்; மூங்கில் என்று கூப்பிடுவார்கள். "குப்பைக்குத்தான் போகுது. வண்டி கொண்டு வந்தீன்னா ஏத்தி விடறேன்," என்று மூங்கில் சொல்ல, இவர் இரண்டு நடை போய் வந்தார். லேசான பச்சை ஓடிய உத்தரங்கள், தூண்கள். முப்பது வருடம் உப்புத் தண்ணீரில் நின்றவை. கரையான் இல்லை, புழு இல்லை, ஒரு பொத்தல் இல்லை. மோட்டார் அறை வாசலில் அடுக்கி வைத்துவிட்டு, புதுக் கார் வாங்கியவர் போலச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நாக்கிலும் வைத்துப் பார்த்தார். "பழைய காசை வாயில போட்ட மாதிரி இருக்கு. எல்லாம் உப்புத் தண்ணி ஊறினதுதான்," என்றார்.

எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட இடம் இருந்தது, ஆனால் அதில் எதுவும் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிக் கொஞ்சம் மண் தரை, அவ்வளவுதான். ஊஞ்சல் வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் பேசி மூன்றிலும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுந்து போனோம். அவர் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று மாதம், சாயங்காலம் சாயங்காலமாக அறுத்து, இழைத்து, இரண்டு ஊஞ்சல், ஏறி இறங்க ஓர் ஏணி வீடு, மண்ணைச் சுற்றி உட்கார ஒரு சட்டம் எல்லாம் செய்து முடித்தார். பிள்ளைகள் கையில் சிராய் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். விழுந்தால் அடிபடக்கூடாதே என்று, அறுத்த தூளை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்து, ஊஞ்சலுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார்.

அந்தத் தூளில் எங்கள் பிள்ளைகள் சமையல் செய்தார்கள். பாட்டில் மூடியில் அள்ளி, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, ஆளுக்கு ஆள் ஊட்டினார்கள். பெரியவர்கள் சாப்பிடுவது போல நடித்தோம். அணிலுக்கு நடிக்கத் தெரியாது.

ஊஞ்சல் வந்து ஐந்து வாரம் ஆன ஒரு சனிக்கிழமை காலையில் மூங்கில் நண்பரைப் பார்க்க வந்தார். ஏணி வீட்டைப் பார்த்ததும் அவர் நடை மட்டுப்பட்டது. நான் பக்கத்தில் பெஞ்சில்தான் இருந்தேன். என் ஆறு வயது மகன் ஏணி வீட்டின் மேலே நின்று கொண்டிருந்தான்.

"இது அந்த மரமாடா?"

"பின்ன? உன் உத்தரம்தான். எப்படி நிக்குது பாரு. உனக்கு முன்னாடி விழாது."

மூங்கில் சிரிக்கவில்லை. "நம்ம ஆளுங்க ரெண்டு பேரு அதுல மிச்சம் மீதியை எரிச்சு டீ போட்டானுங்க. மூணு நாள் வாந்தி, வயித்துப்போக்கு. இன்னும் ஒருத்தன் எழுந்திரிக்கல. நேத்து அதிகாரி ஒருத்தர் வந்து கத்தறார், இது மருந்து ஏத்தின மரம், கையுறை இல்லாம தொடாதீங்க, எரிக்கவே கூடாதுன்னு."

"என்ன மருந்து?"

"பூச்சி அரிக்காம இருக்க ஏதோ விஷமாம். மரத்துக்குள்ளயே அழுத்தி ஏத்துவாங்களாம். எனக்கு என்னடா தெரியும்? அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ அலமாரி கிலமாரி பண்ணியிருப்பேன்னு நினைச்சேன்."

அப்போது இழைப்புளியின் முகத்தைப் பார்த்தேன். நேராக ஊஞ்சலுக்குப் போய் மகளைத் தூக்கினார். அவள் உதட்டோரம் தூள் ஒட்டியிருந்தது. குழாயடியில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துடைத்தார். அவள் கடித்தாள். அவர் கையை எடுக்கவில்லை.

மற்ற பிள்ளைகள், "மாமா, என் முறை, என் முறை," என்று நின்றார்கள்.

"ஆணி ஒண்ணு தூக்கிட்டு நிக்குது. சரி பண்ணிட்டுச் சொல்றேன், எல்லாரும் போய்க் கையைக் கழுவுங்க," என்றார். ஆணியே இல்லாமல் முளை அடித்துச் சேர்த்த வேலை அது. நாலு பக்கமும் கயிறு கட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு தகர டப்பாவோடு நின்றார். உத்தரங்களின் நுனியில் அடித்திருந்த சின்னச் சின்ன உலோகத் தகடுகளைக் குறடால் பிடுங்கி அதில் போட்டு வைத்திருந்தார்.

"நம்பர் தகடுன்னு நினைச்சேன்கா. ஏதோ எழுதியிருக்கு. எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. படிச்சுச் சொல்லுங்க."

எனக்கு அந்த எழுத்து வரும். அன்று வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. குரோமியம், செம்பு, ஆர்சனிக். கீழே பொடி எழுத்தில், எரிக்காதே, தூளைச் சுவாசிக்காதே. நான் சொல்லச் சொல்ல அவர் தகட்டைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா சொன்னீங்களே, அது என்ன?"

"பாஷாணம்னு சொல்வாங்களே, அது."

அவர் தன் நாக்கைப் பல்லால் மெல்ல அழுத்திக்கொண்டார். பிறகு, "நான்தான்கா கத்துக் குடுத்தேன்," என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் அம்மாள்; எதற்கும் குரலை உயர்த்தாதவர். தகட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அணிலின் உள்ளங்கை, உள்ளங்கால், நகம் எல்லாம் பார்த்தார். மீன் எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மீனிலிருந்து வருவதையும் மரத்திலிருந்து வருவதையும் பரிசோதனையில் தனித்தனியாகப் பிரித்துவிடலாமாம்.

"சிறுநீர் இப்பவே எடுக்கணும். இது உடம்புல ரொம்ப நாள் நிக்காது. மூணு நாலு நாள்ல பெரும்பாலும் வெளிய போயிடும்."

"போயிடுமா?" என்றார் மனைவி, முதன்முதலாக வாயைத் திறந்து.

"போயிடும். அதனாலதான் இப்பவே எடுக்கணும்கறேன். போன பிறகு எவ்வளவு உள்ள போயிருந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் எத்தனை வருஷம் கவனிக்கணும்னு தெரியும். சரி, அங்க விளையாடற பிள்ளைங்க எத்தனை பேர்?"

இழைப்புளி விரலை மடக்கி எண்ணினார். "பதினாலு. என் பொண்ணையும் சேர்த்து."

"இன்னைக்கு, இல்லேன்னா நாளைக்கு. எல்லாரையும் வரச் சொல்லுங்க. நாளைக்கும் திறந்து வைக்கிறேன்."

திரும்பி வரும் வழியில் மனைவி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். குடியிருப்பு வாசல் வந்ததும் நின்றார்.

"என்னங்க, நம்ம பிள்ளைக்கு எடுத்தாச்சு. அந்த மரத்தையெல்லாம் பிரிச்சுப் போட்டுடலாம். யார்கிட்டயும் போய்ச் சொல்ல வேண்டாம்."

"அவங்க பிள்ளைங்களுக்கும் இன்னைக்கு எடுத்தாத்தான் தெரியுமாம்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறாங்க? உங்களை அடிப்பாங்க. அறையைக் காலி பண்ணச் சொல்வாங்க. மூணு நாள்ல தானா போயிடும்னு அந்தம்மாவே சொல்லலையா?"

"நமக்குத் தெரியணும்னு ஓடினோம்ல? அவங்களுக்கு மட்டும் வேண்டாமா?"

மனைவி குழந்தையின் வாயை முந்தானையால் இன்னொரு தரம் துடைத்தார். அன்று எத்தனையாவது தரமோ.

அவர் முதலில் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனார். செயலாளர் ஓய்வு பெற்றவர். காலையிலேயே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொள்பவர். நிதானமாகக் கேட்டார். நிதானமாகவே பதிலும் சொன்னார்.

"என்னப்பா, வாந்தி எடுத்துச்சா ஏதாவது பிள்ளை?"

"இல்லைங்க சார்."

"காய்ச்சல்?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு நாற்பத்தெட்டு வீட்டுக்கும் பேதி குடுக்கறே? மேல ரெண்டு கோட் பெயிண்ட் அடி. தூளை வாரி வெளிய கொட்டு. ஊஞ்சல் ரிப்பேர்னு நானே நோட்டீஸ் ஒட்டறேன். ஒரு வாரம் வாயை மூடிட்டு இரு. ஒரு வாரம் கழிச்சு எவன் வந்து எந்தப் பிள்ளையைச் சோதிச்சாலும் ஒண்ணும் வராது. டாக்டரே சொல்லிட்டாருங்கறே."

"ஒண்ணும் வராதுதான் சார். அதுதான் பயமா இருக்கு."

"எனக்கு உன் மேல நல்ல அபிப்பிராயம் இருக்கு. அதைக் கெடுத்துக்காதே."

அந்த நல்ல அபிப்பிராயத்தின் மேல்தான் மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த அந்த அறை நின்றது. அது அவருக்கும் தெரியும். படியிறங்கி வந்தவர், கீழே என்னைப் பார்த்ததும், "மேலேர்ந்து ஆரம்பிக்கவா, கீழேர்ந்தா?" என்று மட்டும் கேட்டார்.

மேலேயிருந்து ஆரம்பித்தார். நாலாம் மாடியில் கதவைத் திறந்தவர் இவரைப் பார்த்ததும், "அப்பாடா, வந்தீங்களா. குளியலறைக் குழாய் சொல்லி ஒரு வாரமாச்சு, வாங்க வாங்க," என்று உள்ளே இழுத்தார். இவர் குழாயடியில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டில் ஓர் அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, கேட்டு முடித்ததும் அந்தத் தம்ளரை வாங்கிக் கழுவினார், மறுபடியும் கழுவினார், கழுவிக்கொண்டே அழ ஆரம்பித்தார். மூன்றாம் மாடியில் ஒரு தகப்பன் இவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினார். "ஓசியில கிடைச்சுதுன்னு எங்க பிள்ளைங்க தலையில கட்டினியா?" என்றார். இவர் கையை உயர்த்தவில்லை. "இப்பவே கூட்டிட்டுப் போங்க சார். என்னை வந்து அடிச்சுக்கலாம்," என்றாராம். அந்தத் தகப்பன்தான் பத்து நிமிடத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். இரண்டாம் மாடியில் ஓர் அம்மா, "எங்க பொண்ணு அந்த மண்ணுலயெல்லாம் இறங்கவே மாட்டா, வேற யாரையோ நினைச்சுட்டு வந்துட்டீங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தப் பெண் ஊஞ்சலை விட்டு இறங்காதவள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் கணவர் அன்று மாலை கேட்டுவிட்டு, அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். "இங்க இருக்கற லேபை நம்பி என்ன பண்றது? செவ்வாய்க்கிழமை ஊருக்குத்தானே போறோம். அங்க நம்ம டாக்டர் இருக்கார், பெரிய ஆஸ்பத்திரி, நிம்மதியா பார்த்துக்கலாம்."

நாள் போனால் எவ்வளவு என்பது தெரியாமலே போய்விடும் என்று டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டவள் நான். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் நிம்மதி என்ற சொல் காதில் விழுந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி அடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இழைப்புளி வந்து, "தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டீங்களாக்கா?" என்று கேட்டபோது, "போறோம், போறோம்," என்றேன்.

பதினான்கு பேரில் பதினொரு பேர் போனார்கள்.

ஊருக்குப் போன பிறகு நடந்ததையெல்லாம் எனக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் போனில் சொன்னார். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட நாலு பேர் வந்து ஏணி வீட்டைப் பிரித்துத் தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுபோனார்கள். தூளை வாரினார்கள், கீழே ஒரு முழம் மண்ணையும் வெட்டி எடுத்தார்கள். பிரிக்கத் தெரியாமல் கடப்பாறையால் நெம்பியவர்களிடம் இழைப்புளி, "முளையை இந்தப் பக்கம் தட்டுங்க, தானா வரும்," என்று சொல்லிக்கொடுத்தாராம். சங்கம் கூடி, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. சட்டையைப் பிடித்த தகப்பன் ஒருவர் மட்டும் வேண்டாம் என்று கை தூக்கியிருக்கிறார்.

பரிசோதனை எண்களும் வந்தன. தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்த எல்லை முப்பத்தைந்து. பத்துப் பேருக்குப் பதினெட்டு, இருபத்தாறு, நாற்பது என்று வந்தது. அணிலுக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஊஞ்சலடியில் கிடைத்தது எல்லோருக்கும் பொது. அதை நிஜமாகவே அள்ளித் தின்றது அவள்தான். அதற்கு முன்பு மூன்று மாதம் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து தின்றது இந்த எண்ணில் சேரவே இல்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது மோட்டார் அறை வாசல் காலியாகக் கிடந்தது. இரண்டு தெரு தள்ளி, ஒரு நாற்காலிக் கடையின் பின்கட்டில் அவருக்கு வேலையும் இடமும் கிடைத்திருந்தது. நான் தேடிப் போனேன். மகன் விஷயத்தை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மனைவிதான் முதலில் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஸ்டூலை மட்டும் நகர்த்திப் போட்டார். அணில் தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய தம்ளர் தண்ணீரை முக்கி முக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர்.

"ரெண்டாவது தரம் பார்த்தோம்கா. ஒன்பதுக்கு வந்துடுச்சு," என்றார் இழைப்புளி. சந்தோஷமாகத்தான் சொன்னார். உடனே குரல் இறங்கியது. "வருஷா வருஷம் காட்டணுமாம். எத்தனை வருஷம்னு கேட்டேன். அவ பெரியவளாகி, அதுக்கப்புறமும்னாங்க. போனது போயிடுச்சு, போற வழியில என்ன பண்ணிட்டுப் போச்சுன்னு இப்ப தெரியாதாம். இருபது வருஷம் முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியுமாம். தெரியாமலே நல்லாவும் இருக்கலாமாம். ராத்திரியில மூச்சு விடறாளான்னு பாக்கறேன். எதுக்குப் பாக்கறேன்னு எனக்கே தெரியல, மூச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னாங்க."

"அதுக்கு அவ கையைப் பிடிச்சு நாடி வேற பாக்கறாரு. பெரிய டாக்டரு," என்றார் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அவர் வீடு வீடாக ஆரம்பித்தார். நாலாம் மாடிப் பையனுக்கு எவ்வளவு, தம்ளர் கழுவிய அம்மாவின் இரட்டையருக்கு எவ்வளவு, எல்லா எண்ணும் அவருக்கு மனப்பாடம். எழுதி வைக்கவில்லை. பதினொன்றும் சொல்லி முடித்து நிறுத்தினார். இரண்டாம் மாடிப் பெண்ணுக்கு எண் இல்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கப் பள்ளிக்கூட வண்டி வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்பதாகவும், அவள் அம்மா பார்த்துவிட்டுக் கத்தியதாகவும் சொன்னார். முதல் மாடிச் சின்னக் குழந்தைக்கும் எண் இல்லை. அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது யார் என்று அவர் சொல்லவில்லை.

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியின் தாள். வழவழப்பானது, மேலே நீல முத்திரை. "ஊர்ல பார்த்தோம். ஒண்ணுமே இல்லைன்னு வந்துடுச்சு. சுத்தமா இல்லையாம்," என்றேன். என் குரல் எனக்கே ஏதோ விற்க வந்தவளுடையது போலக் கேட்டது.

அவர் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினார். அந்த எழுத்து அவருக்கு வராது. ஆனால் எண் வரும். எல்லை, அளவு எதையும் பார்க்காமல் விரலை மேல் மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே தேதி இருந்தது. அந்தச் சனிக்கிழமையிலிருந்து உதடு அசைய எண்ணினார்.

"பத்தொன்பது நாள்," என்றார்.

"ஆமா."

"தம்பி நல்லா சாப்பிடறானா?"

"சாப்பிடறான்."

"வயிறு வலின்னு ஏதாவது?"

"இல்லை."

தாளை மடித்து, மடித்த இடத்தை நகத்தால் நீவி, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் இந்தப் பக்கமா கூட்டிட்டு வாங்கக்கா. ஒரு தரம் பார்த்துக்கறேன்," என்றார்.

அவர் பார்த்து என்ன தெரியப் போகிறது என்று நான் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். மறுநாள் கூட்டிக்கொண்டும் போனேன்.